பாங் தாத்தா வீட்டுத் தரை

எங்கள் ஊர் ஜேச்சோனில், குளிர்காலத்தில் யார் வீட்டுத் தரை சூடாகவில்லை என்றாலும் முதலில் கூப்பிடுவது மல்சுக்கைத்தான். ஆனால் அந்தப் பெயரைச் சொல்லித் தேடினால் பாதிப் பேருக்குத் தெரியாது. மூக்கு அக்கா என்று கேட்டால், சந்தைக்குப் பின்னால் குழாய்களும் வால்வுகளும் அடுக்கியிருக்கும் கடையைக் கை காட்டுவார்கள். கடைப் பலகையில் அவள் கணவன் கிபோங்கின் பெயர் இருக்கும். அவனுக்கு முழங்கால் மடங்காது. தரை வேலையோ மண்டியிட்டுச் செய்கிற வேலை. பெயர் அவனுடையது, முழங்கால் அவளுடையது என்று எங்கள் ஊரில் சொல்லிச் சிரிப்பார்கள்.

மூக்கு என்ற பட்டம் அவளுக்குச் சும்மா வந்துவிடவில்லை. பாய்லர் வருவதற்கு முன் எல்லா வீட்டிலும் துளைக்கரிதான், கரித்தூளை அழுத்தித் துளை போட்ட கட்டி. சமையலறை அடுப்பில் கரி எரியும். அதன் புகை தரைக்கு அடியில் கல் சந்துகளில் புகுந்து ஓடி, மேலே உள்ள கற்பலகைகளைச் சூடாக்கிவிட்டு, எதிர்ச்சுவர்ப் புகைபோக்கி வழியே வெளியே போகும். தரையில் மயிரிழை விரிசல் விட்டால் போதும், கரியின் விஷக்காற்று அறைக்குள் ஏறிவிடும். நிறமும் கிடையாது, வாசமும் கிடையாது. தூங்குகிறவன் தூங்கிக்கொண்டே போய்விடுவான். மல்சுக் அடுப்பில் ஈர வைக்கோலைத் திணித்துக் கொளுத்திவிட்டு, அறைக்குள் குப்புறப் படுத்துத் தரையோடு மூக்கை வைத்து ஊர்ந்து போவாள். எந்த இடுக்கில் வைக்கோல் புகை கசிகிறதோ அங்கே களிமண்ணைப் பூசுவாள்.

ஒரு வீட்டுக்குள் நுழைந்த மூக்கு தரையோடு நிற்குமா? "இந்தப் பீரோவை ஏன் இங்க நகர்த்தினீங்க?" என்பாள். "மாமியார் இருமறாங்களே, எத்தனை நாளா?" என்பாள். "மருமக முகம் ஏன் வீங்கியிருக்கு?" என்றும் கேட்டுவிடுவாள். திட்டினால் கோபித்துக்கொள்ள மாட்டாள். பதில் வரும் வரை போகவும் மாட்டாள்.

சியோலில் ஒலிம்பிக் முடிந்த பிறகு எல்லோருக்கும் பாய்லர் ஆசை பிடித்தது. வெளியே ஒரு தகரக் கொட்டகையில் பாய்லரை வைத்து, மண்ணெண்ணெயில் தண்ணீரைச் சுட வைத்து, தரைக்குள் புதைத்த குழாய்களில் ஓட விடுவது. கிபோங் இந்த வேலையில் பித்துப் பிடித்தவன். குழாய்க்கும் குழாய்க்கும் இடையே ஒரே அளவு இருக்க வேண்டும் என்று மரச் சட்டம் ஒன்று செய்து வைத்திருந்தான். "நம்ம தரையில எந்த மூலையில முட்டையை வச்சாலும் ஒரே மாதிரி வேகணும்" என்பான். யாரும் முட்டையை வைத்துப் பார்த்ததில்லை.

மல்சுக்குக்கும் அந்தச் சமத்தரை பிடித்திருந்தது. அவளுக்குக் காரணம் வேறு.

கரி அடுப்புத் தரையில் அடுப்பை ஒட்டிய பக்கம்தான் கொதிக்கும். அதைக் கீழ்க்கோடி என்போம். எதிர்ச்சுவர்ப் பக்கம் மேல்கோடி. அங்கே வைத்த தண்ணீர் தை மாதத்தில் உறைந்தே போகும். பதினேழு வயதில் மல்சுக் தன் அக்கா சுன்தோக்கோடு நூற்பாலைக்குப் பக்கத்தில் ஒரு வாடகை அறையில் இருந்தாள். கீழ்க்கோடியில் ஒருத்தி படுக்கத்தான் இடம். தினமும் அக்கா அவளை அங்கே தள்ளிவிட்டுத் தான் மேல்கோடிக்குப் போவாள். "எனக்குச் சூடு ஒத்துக்காதுடி. நீ படு" என்பாள். மல்சுக்கும் நம்பினாள், பதினேழு வயதில் வசதியானதை நம்புவது சுலபம். தாத்தாவின் திவசத்துக்காக மல்சுக் மட்டும் ஊருக்குப் போன இரவு, அக்கா தனியாகப் படுத்தாள். கீழ்க்கோடியில் படுத்தாள். அன்றைக்கு விரிசல் விட்டது அங்கேதான். அக்கா காலையில் எழுந்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு மல்சுக் எந்த வீட்டிலும் கீழ்க்கோடியில் உட்கார்ந்ததில்லை. யாராவது கையைப் பிடித்து இழுத்தால், வேலைக் கால்சட்டை அழுக்கு என்று சொல்லி வாசல் பக்கமே குந்திக்கொள்வாள்.

பாங் தாத்தா வீட்டுக்குப் பாய்லர் வைக்க அவளே மெனக்கெட்டுப் போனதற்கும் கரிதான் காரணம். முந்தின குளிர்காலத்தில் ஒரு காலை, பாங் தாத்தா தன் நண்பர் கூவின் ஆப்பிள் தோட்டத்தில் தங்கிவிட்டுத் திரும்பினார். வீட்டில் அடுப்புச் சத்தம் இல்லை. மருமகள் இன்னேயும் இரண்டு பேரப்பிள்ளைகளும் எழுந்திருக்கவில்லை. அந்த எழுபது வயது மனிதர் மூவரையும் ஒவ்வொருவராக முற்றத்துப் பனியில் இழுத்துப் போட்டு, முள்ளங்கி ஊறுகாய்த் தண்ணீரை வாயில் ஊற்றி, தெருவே அதிரக் கத்தினார். அந்தத் தண்ணீரால் ஒரு பயனும் இல்லை என்று டாக்டர்கள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். நாங்கள் ஊற்றுவதை விடுவதாக இல்லை. மூவரும் பிழைத்தார்கள். இன்னேக்குத் தலைவலி மட்டும் விடவில்லை. மகன் சாங்ஹோ, பஸ் ஓட்டுகிறவன், அன்றிரவு வண்டியோடு வெளியூரில் இருந்தவன், இலையுதிர்க்காலம் வந்ததும் பழைய தரையைப் பெயர்த்துப் போட்டுவிட்டுப் பாய்லர் வைத்தான்.

வேலை கச்சிதமாக முடிந்தது. கிபோங் சட்டத்தை வைத்து வைத்துப் பார்த்தான். தரையில் ஒட்டியிருந்த பழைய எண்ணெய்க் காகிதத்தில் தாத்தா உட்கார்ந்து உட்கார்ந்து கருகிப் பழுப்பேறிய இடம் ஒன்று இருந்தது. அது போய்ப் புது மஞ்சள் விரிப்பு சுவருக்குச் சுவர் பளபளத்தது.

முதல் பனி விழுந்ததும் கடைத் தொலைபேசி அடித்தது.

"தரை குளிருது" என்றார் பாங் தாத்தா. வைத்துவிட்டார்.

மல்சுக் போனாள். குழாய்க்குள் காற்று அடைத்திருக்கும் என்று வால்வைத் திறந்து விட்டாள். சீறிக்கொண்டு கொஞ்சம் காற்று வந்தது, பிறகு தண்ணீர். காலுறையைக் கழற்றி அறை முழுக்க நடந்து பார்த்தாள். எங்கும் இதமான சூடு. திரும்பிக் கடைக்கு வருவதற்குள் மறுபடி தொலைபேசி. "குளிருது."

அடுத்த தடவை பாய்லரின் சூட்டைக் கூட்டி வைத்தாள். பேரப்பிள்ளைகள் பனியனோடு ஓடினார்கள். இன்னே ஜன்னலைத் திறந்துவிட்டு விசிறிக்கொண்டாள். தாத்தா அறை நடுவில் பருத்திக் கோட்டோடு நின்றுகொண்டு, "குளிருது" என்றார்.

"மாமா, எனக்கு வேர்க்குதே!" என்றாள் இன்னே.

"உனக்கு வேர்க்கும்."

சாங்ஹோ மின்சாரப் போர்வை வாங்கி வந்து அப்பா முன்னால் இரண்டு கையாலும் வைத்தான். அவர் அதை அழகாக மடித்துப் பீரோவில் வைத்துவிட்டார். கிபோங்குக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "கிழவருக்கு ரத்தம் குறைஞ்சுபோச்சு. தரையை ஏன் குத்தம் சொல்றாரு? பேசாம வைத்தியர்கிட்டக் கூட்டிட்டுப் போகச் சொல்லு!"

"ரத்தம் குறைஞ்சவரு போர்வையை ஏங்க வேணாங்கறாரு?"

"அதான் கிழவர்னு சொல்றேனே."

மல்சுக்கின் மூக்கு அரிக்க ஆரம்பித்தது. குளிர்கிறது என்கிற ஆள் ஓர் இடத்தில் உட்கார வேண்டும். காலைப் போர்வைக்குள் விட வேண்டும். இவர் உட்காரவே மாட்டேன் என்கிறார். வாசலுக்குப் போகிறார், ஜன்னலுக்கு வருகிறார், சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். பஸ் நிலையத்தில் பெட்டியைத் தொலைத்தவர் மாதிரி இருந்தது.

"சாங்ஹோ, நீ கேட்டியா உங்கப்பாவை, என்னதான் வேணும்னு?"

சாங்ஹோ திடுக்கிட்டான். "அப்பாகிட்ட எப்படிக்கா அப்படிக் கேக்கறது?"

அதுவும் சரிதான். எங்கள் ஊரில் பெரியவர்களிடம் என்ன வேண்டும் என்று நேரே கேட்க மாட்டோம். முகத்தைப் பார்த்துப் புரிந்துகொள்ள வேண்டும். பெரியவர்களும் இது வேண்டும் என்று வாய் திறக்க மாட்டார்கள். தரை குளிருது என்பார்கள். இரண்டு பக்கமும் மரியாதையாகவே காத்திருந்து குடும்பங்கள் பாழாய்ப் போனதை நான் பார்த்திருக்கிறேன்.

மார்கழியில் ஒரு மதியம் மல்சுக் சைக்கிளில் அந்தத் தெரு வழியே போனாள். பாங் வீட்டு வெளிவாசலை ஒட்டிய பழைய அறையின் புகைபோக்கியில் புகை வந்துகொண்டிருந்தது. அவள் சைக்கிளை நிறுத்தி இறங்கினாள். அந்த அறைத் தரையை யாரும் பெயர்க்கவில்லை. சாமான் போட்டு வைக்க இருக்கட்டும் என்று கரி அடுப்போடு விட்டிருந்தார்கள். தரை முழுக்க விரிசல்.

இன்னே முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். துணி விறைத்துப் பலகையாகிக்கொண்டிருந்தது. அவள் விரல்கள் சிவப்பு முள்ளங்கி நிறத்தில் இருந்தன.

"எப்போலேர்ந்து?" என்றாள் மல்சுக்.

"நாலஞ்சு நாளா. சாமானை எல்லாம் அவரே ஒதுக்கினாரு. கரியும் அவரே வாங்கிட்டாரு." இன்னே ஒரு துணியை உதறிக் கொடியில் போட்டாள். "எங்களைப் பனியில இழுத்துப் போட்டுக் காப்பாத்தினவரே அவருதானேக்கா. அவருக்குத் தெரியாதா? நானும் என் வீட்டுக்காரரும் முட்டி போட்டு அழுதோம். 'இந்த அறையில நான் மட்டும்தானே, என்னை மட்டும்தானே கொல்லும்'னாரு. தினம் காலையில கதவைத் தட்டறதுக்கு முன்னாடி காதை வச்சுக் கேக்கறேன்க்கா. கதவுக்கு அந்தப் பக்கம் இருமல் கேட்டாத்தான் எனக்கு மூச்சே வருது."

பொழுது சாய்வதற்குள் மல்சுக் ஒரு கட்டு வைக்கோலோடு திரும்பி வந்தாள். அந்த மனிதரை இந்தக் குளிர்காலம் முடிவதற்குள் அந்த அறையிலிருந்து பெயர்க்க வேண்டும், பெயர்க்காவிட்டால் ஒரு காலை இருமல் கேட்காது. அதற்கு மேல் அவளுக்கு வேறு யோசனை இல்லை.

அறைக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றாள். கீழ்க்கோடியில் கனத்த மெத்தைப் போர்வை ஒன்று மடிப்புக் கலையாமல் விரித்திருந்தது. அதற்கு அடியில் யாரும் இல்லை. பாங் தாத்தா மேல்கோடியில், ஜன்னல் இடுக்குக் காற்று நேராக மேலே படும் இடத்தில், கோட்டின் கழுத்தைத் தூக்கிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூக்கு நுனி சிவந்திருந்தது.

"பெரியப்பா, ஏன் அங்க உட்கார்ந்திருக்கீங்க? சூடு இந்தப் பக்கம்ல இருக்கு?"

"எனக்குச் சூடு ஒத்துக்காது."

மல்சுக்குக்கு உள்ளே எங்கோ சுருக்கென்றது. என்னவென்று நின்று பார்க்க நேரமில்லை. கடைக்குத் தொலைபேசி போட்டுப் போட்டுக் குளிருது குளிருது என்றவருக்கா சூடு ஒத்துக்காது?

"நல்லா இருக்கு கதை! சூடு ஒத்துக்காதவரு எதுக்குக் கரி போடறீங்க?"

"வைக்கோலைக் கொண்டாந்தியே, போட்டுப் பாரு. கேள்வி கேக்கவா வந்தே?"

அவள் வெளியே போய் அடுப்பில் ஈர வைக்கோலைத் திணித்தாள். உள்ளே வந்து குப்புறப் படுத்தாள். தேட வேண்டியிருக்கவில்லை. போர்வையின் ஓரத்தில், கீழ்க்கோடி சுவரைத் தொடும் இடத்தில், புகை நூல் நூலாக எழுந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் வெளியே யாரோ காலை உதறும் சத்தம்.

கூ தாத்தா. தோட்டத்திலிருந்து ஆற்றங்கரை வழியாக நடந்தே வருகிறவர். புருவத்தில்கூடப் பனி ஒட்டியிருந்தது.

பாங் தாத்தா எழுந்தார். இந்த மனிதருக்கா வயது எழுபது என்று மல்சுக் அசந்துபோனாள். இரண்டே எட்டில் போய் நண்பரின் கையைப் பிடித்தார். "அடப்பாவி, கையா இது, ஐஸ் கட்டியா! வாடா உள்ள, இங்க வா!"

"வேணாம்டா. நான் இப்படி ஓரமா..."

"ஓரமாவா? விறைச்சுச் சாகறதுக்கா? இங்க உட்காரு!"

"நீ உட்காருடா. உன் இடம்."

"எனக்கு இப்போதான் வேர்த்துக் கொட்டுச்சு. உட்காருங்கறேன்ல!"

இருவரும் கையைப் பிடித்துத் தள்ளிக்கொண்டார்கள். சண்டை என்று நினைத்து ஊர் நாய் ஒன்று குரைத்தது. கடைசியில் கூ தாத்தா தோற்றார். தோற்கத்தானே வேண்டும். காலைப் போர்வைக்குள் நுழைத்து, "அப்பாடா" என்று கண்ணை மூடினார். பாங் தாத்தா போர்வையை அவர் இடுப்பு வரை இழுத்துச் செருகிவிட்டு மறுபடி மேல்கோடிக்குப் போய், மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சிரித்துக்கொண்டு உட்கார்ந்தார். புதுத் தரையில் அத்தனை தடவை போய் நின்ற மல்சுக் அந்தச் சிரிப்பை ஒரு தடவையும் பார்த்ததில்லை.

அவள் தரையிலிருந்து எழுந்து முழங்காலைத் தட்டினாள். "பெரியப்பா, புகை எங்க வருதுன்னு பாத்தீங்களா? சரியா அவரு உட்கார்ந்திருக்கிற இடத்துல. நீங்க மட்டும் சாகற ஏற்பாடுன்னு சொன்னீங்களாம். உங்க சிநேகிதரை முன்னாடி அனுப்பப் பாக்கறீங்க."

கூ தாத்தா ஒரு கண்ணைத் திறந்தார். "நல்ல சூடாத்தான் அனுப்பறான்" என்றார்.

பாங் தாத்தா சிரிக்கவில்லை. எழுந்து வந்து, போர்வையைத் தூக்கி, அந்த நூல் புகையைப் பார்த்தார். நண்பரின் தோளைத் தொட்டு, "நகருடா இந்தப் பக்கம்" என்றார். ஜன்னலை முழுக்கத் திறந்துவிட்டு, திறந்த ஜன்னலைப் பார்த்தபடியே பேசினார்.

"மூக்கு, உன் தரை நல்ல தரைதான். குத்தம் சொல்லலே. இவன் வந்தான் பாரு, முதல் பனி விழுந்த அன்னைக்கு. நடந்தே வந்தான். உன் தரையிலதான் உட்கார்ந்திருந்தேன். எழுந்தேன். எழுந்து எங்கே காட்டறது? எல்லா இடமும் ஒரே மாதிரி. 'இங்க உட்காரு'ன்னு சொல்ல ஒரு இடம் இல்லே. கையை நீட்டிட்டு நின்னேன், பைத்தியக்காரன் மாதிரி. இவன் கதவோரமா உட்கார்ந்தான், தேத்தண்ணி குடிச்சான், போயிட்டான். என் வீட்டுக்கு வந்தவனை நான் வரவேற்கவே இல்லே."

"நான் ஒண்ணும் நினைக்கலேடா" என்றார் கூ தாத்தா.

"நீ நினைக்க மாட்டே. நான் நினைச்சேன்."

மூக்கு அக்காவிடம் அடுத்த கேள்வி இல்லாமல் போனது அன்றைக்குத்தான். இத்தனை நாளும் இந்த மனிதர் தனக்குச் சூடு கேட்கிறார் என்று நினைத்துக் குழாயையும் வால்வையும் மோந்துகொண்டிருந்தாள். விட்டுக்கொடுக்க ஓர் இடம் கேட்டிருக்கிறார். எல்லோருக்கும் சமமாகச் சூட்டைப் பங்கு வைத்து, ஒரு மனிதர் கையில் கொடுப்பதற்கு ஒன்றும் இல்லாமல் செய்துவிட்டார்கள் அவளும் அவள் புருஷனும்.

"ஒரு கீழ்க்கோடி வச்சுத் தர்றேன்" என்றாள். "பெரிய வீட்டுக்குள்ள, பாய்லர் சூட்டுல. ஆனா இந்த அடுப்பை நான் உடைச்சுட்டுத்தான் போவேன்."

"முதல்ல வையி. அப்புறம் உடை."

"இல்லே. முதல்ல உடைப்பேன்."

பாங் தாத்தா போர்வையைப் பார்த்தார், நண்பரைப் பார்த்தார். "சுத்தியல் கொட்டகையில இருக்கு" என்றார்.

வீட்டுக்குப் போய் விஷயத்தைச் சொன்னதும் கிபோங் சோற்றுக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டான். "பெயர்க்கறதா? என் தரையையா?"

"ஒரு மூலையை மட்டும்ங்க. பழைய கரிஞ்ச இடம் இருந்துச்சே, அதே இடத்துல. அங்க குழாயை நெருக்கமாப் போடணும். பாய்லர் தண்ணி முதல்ல அங்க வந்து, கொதிச்சு, அப்புறம் மத்த இடத்துக்குப் போகணும்."

"பாக்கறவன் என்ன சொல்லுவான்? அளவு தெரியாத பய போட்டதுன்னு சொல்ல மாட்டான்?"

"சிமெண்டுக்குள்ள எவன் பாக்கப் போறான்?"

"எனக்குத் தெரியும்ல!" என்று கத்தினான் அவன். பாவம், அதுவும் நியாயம்தான். ஆயுசு முழுக்க ஒரு வேலையைச் சரியாகச் செய்தவனிடம் போய்க் கோணலாகச் செய் என்றால் வலிக்காதா?

மல்சுக் கிம்ச்சி ஊறுகாயைக் கிளறிக்கொண்டே இருந்தாள். பிறகு சொன்னாள்: "எனக்கு மட்டும் கீழ்க்கோடி வைக்க ஆசையா? அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்கு எங்கக்கா முகம்தான். ஆனா அந்த ஆள் கரிக்குப் போயிட்டாருங்க. நம்ம தரையை விட்டுட்டுக் கரிக்குப் போயிட்டாரு."

கிபோங் சோற்றுக் கிண்ணத்தை மறுபடி கையில் எடுத்தான். மறுநாள் அவள் குழாய்களை வண்டியில் ஏற்றும்போது அந்த மரச் சட்டத்தைக் காணோம். அவனே அதைக் கொல்லையில் ஒளித்து வைத்திருந்தான். கண்ணில் பட்டால் கை தானாக அளந்துவிடுமாம்.

விரிப்பைச் சுருட்டி, சிமெண்டை உடைத்து, குழாயைப் பாம்புச் சுருளாக நெருக்கி வளைத்தாள். கிபோங் ஸ்டூலில் உட்கார்ந்து மேற்பார்வை பார்த்தான்.

"ஒரு ஆள் உட்கார்ற அகலம் போதும்" என்றான்.

"இன்னும் கொஞ்சம்."

"எதுக்கு? ஒரு ஆளுக்குத்தானே கீழ்க்கோடி?"

"இன்னும் கொஞ்சம்ங்கறேன்ல" என்று அவள் எரிந்து விழுந்தாள். ஏன் என்று கேட்டிருந்தால் அவளுக்கே தெரிந்திருக்காது.

ஈரச் சிமெண்டை அவசரப்பட்டுச் சுட வைத்தால் வெடித்துவிடும். அதனால் முதலில் பாய்லரைச் சும்மா முனக விட்டு, பிறகு நாளுக்கு நாள் கொஞ்சமாகச் சூட்டை ஏற்றும்படி இன்னேயிடம் சொல்லிவிட்டு வந்தாள். அதன் பிறகு தொலைபேசி அடிக்கவில்லை.

அடித்துக்கொண்டே இருந்த தொலைபேசி அடிக்காமல் போனால் அதுவும் தொல்லைதான். மல்சுக்குக்குக் கடையில் கை ஓடவில்லை. நல்லா இருக்கிறதா, இல்லை மறுபடி வேறு எங்கேயாவது கரி மூட்டிவிட்டாரா? "குழாய்ல காத்து எடுக்கணும்" என்று யாரிடமோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். "புதுக் குழாய்ல ஏது காத்து?" என்றான் கிபோங். அவள் காதில் விழாத மாதிரி போனாள்.

பனி கொட்டிக்கொண்டிருந்தது. சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் போக முடிந்தது. தெரு முனையிலிருந்தே அவள் கண் அந்த வாசலறைப் புகைபோக்கிக்குப் போனது. புகை இல்லை. புகைபோக்கியின் வாயில் ஒரு சாண் பனி குவிந்து குல்லா போட்டிருந்தது. அவள் அங்கேயே நின்று ஒரு மூச்சு விட்டாள்.

பெரிய வீட்டுக் கதவை இன்னேதான் திறந்தாள். உள்ளே போனதும் பாங் தாத்தா எங்கே இருக்கிறார் என்று தேட வேண்டியிருக்கவில்லை. கருகிய பழுப்பு இடம் முன்பு இருந்த அதே மூலையில், அதே மெத்தைப் போர்வைக்குள், மடாதிபதி மாதிரி உட்கார்ந்திருந்தார். அவளைப் பார்த்ததும் எழுந்தார்.

"இந்தக் கொட்டற பனியிலயா வந்தே? கையைக் கொடு. ஐயையோ! வா இங்க."

"இல்ல பெரியப்பா. காத்து எடுத்துட்டுப் போலாம்னு... கால்சட்டையெல்லாம் சிமெண்டு..."

"சிமெண்டு உன்னுது, தரையும் உன்னுது. உட்காரு."

"நான் இப்படி வாசப் பக்கம்..."

"எனக்குச் சூடு ஒத்துக்காதும்மா" என்றார் பாங் தாத்தா. "நீ உட்காரு."

மல்சுக் அவர் முகத்தைப் பார்த்தாள். மனிதர் கூசாமல் பொய் சொன்னார். இதே சொல், இதே அவசரம், இதே மாதிரி முகத்தைப் பக்கவாட்டில் திருப்பிக்கொண்டு. அந்த நூற்பாலை அறையில் தினமும் கேட்ட பொய். அக்காவுக்குச் சூடு ஒத்துக்கொண்டிருக்கும். எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளும். அவளைத் தள்ளிவிட்டு மேல்கோடிக்குப் போகும்போது அக்காவும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்திருப்பாள். பதினேழு வயது மல்சுக் திரும்பிப் பார்த்ததில்லை.

அவள் உட்கார்ந்தாள். நனைந்த காலுறையோடு காலைப் போர்வைக்குள் விட்டாள். சூடு உள்ளங்காலில் ஏறி, முழங்காலுக்கு வந்து, கண்ணுக்கு வந்தது. இன்னே பார்லித் தண்ணீர்க் கிண்ணத்தோடு வந்தவள், "என்னக்கா, சுடுதா?" என்று பதறினாள்.

"சுடத்தான் செய்யுது" என்றாள் மல்சுக், முகத்தைத் துடைத்துக்கொண்டு. "நெருக்கமாப் போட்டுட்டேன் போல."

பாங் தாத்தா அதற்குள் மேல்கோடிக்குப் போய் ஜன்னலோரம் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். கிபோங்கின் சமத்தரை அங்கேயும் வெதுவெதுப்பாகத்தான் இருந்திருக்கும். ஆனாலும் குளிர்கிற மாதிரி கோட்டின் கழுத்தைத் தூக்கிவிட்டுக்கொண்டார். மல்சுக் சுவர் பக்கமாக நகர்ந்தாள். போர்வையின் மறுபாதியைத் தூக்கிப் பிடித்தாள்.

"பெரியப்பா, இங்க வாங்க. ரெண்டு பேருக்கு இடம் இருக்கு."

"வேணாம் வேணாம்."

"வாங்கன்னா."

"எனக்கு ஒத்துக்காதுன்னு சொன்னேன்ல."

அவள் போர்வையை இறக்கவில்லை. கை வலித்தது, பிடித்துக்கொண்டே இருந்தாள். மூன்றாவது தடவை கூப்பிட்ட பிறகு அவர் எழுந்து வந்தார்.